காரின் பிறவி நிறம்: வாசகர் கேள்வி – பதில்

பழைய கார் வைத்திருக்கும் வாசகர்களின் கடிதங்களில் இம்முறை பெயின்ட் பற்றிய கேள்விகளே மிகுதி. கம்பெனியிலிருந்து வெளிவந்தபோது வண்டிக்கு இருந்த நிறத்தையே மீண்டும் பூச விரும்புவோரின் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். நிறத்தையே மாற்ற நினைப்பவர்களின் கேள்விகள் வேறு வகையானவை என்பதால் அவற்றை இன்னொரு இதழில் பார்ப்போம்.

கேள்வி: எங்களிடம் 1956ஆம் ஆண்டின் மாரிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. அப்பா வாங்கியபோதே சிவப்பாகத்தான் இருந்ததாம். கதவின் ஓரத்தில் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் பச்சை தெரிகிறது. அதற்கும் கீழே சாம்பல் நிறம் இருக்கிறது. இவற்றில் எது கம்பெனி நிறம்? தகடு தெரியும்வரை சுரண்டிவிட்டால் தெரிந்துவிடும் என்கிறார் பட்டறைக்காரர்.

பதில்: தகடுவரை சுரண்டினால் தெரியாது, தெரிந்துகொள்வதற்கு இருக்கும் ஒரே வாய்ப்பும் கைநழுவிப் போய்விடும். உங்கள் வண்டியின் நிறத்துக்கான சாட்சி அந்த அடுக்குகள்தாம். ஆகவே எது மூல நிறம் என்று உறுதியாகி, அதன் மாதிரி ஒன்றும் பத்திரப்படுத்தப்படும்வரை யாரையும் வண்டியில் கைவைக்க விடாதீர்கள்.

முதலில் எழுத்துச் சான்றைப் பாருங்கள். 1950களின் நடுப்பகுதியில் வந்த மாரிஸ், எம்.ஜி. கார்களின் வண்டி எண்ணுக்கு முன்னால் மூன்று ஆங்கில எழுத்துகளும் இரண்டு இலக்கங்களும் இருக்கும். முதல் எழுத்து மாடலையும், இரண்டாவது பாடியின் வகையையும், மூன்றாவது நிறத்தையும் குறிக்கும். மூன்றாவது எழுத்து ஏ என்றால் கறுப்பு, சி என்றால் அடர் சிவப்பு, ஈ என்றால் பச்சை. கடைசி இலக்கம் பெயின்ட்டின் வகையைச் சொல்லும். அது 3 ஆக இருந்தால் செல்லுலோஸ் பெயின்ட். பானெட்டைத் திறந்து அந்த எண் தகட்டைத் துடைத்துப் படித்தீர்களானால் பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் அந்த எழுத்து பச்சை என்று மட்டுமே சொல்லும். அந்த ஆண்டில் வழங்கிய பச்சைகளில் எது என்று சொல்லாது. அதற்கு ஆலைப் பதிவேடு வேண்டும். பிரிட்டனில் கேய்டன் என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், மாரிஸ் உள்ளிட்ட பல பிரிட்டிஷ் கார்களுக்குப் பழைய உற்பத்திப் பதிவேடுகளைப் பார்த்து, வண்டி வெளிவந்த தேதியையும் நிறத்தையும் குறிப்பிட்டுச் சான்றிதழ் தருகிறது. ஜாகுவார், மெர்சிடிஸ், போர்ஷே முதலிய நிறுவனங்களின் கார்களுக்கும் இத்தகைய ஆவணங்களைப் பெற வழி உண்டு. அந்தந்த ஆண்டில் எந்தெந்த நிறங்கள் விற்பனைக்கு இருந்தன என்ற பட்டியலும் பெரிதும் உதவும். ஃபோர்டு மாடல் டி கார்கள் 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தன. ஆகவே 1919ஆம் ஆண்டு வண்டி ஒன்று பச்சையாக இருந்தால், அந்தப் பச்சை எவ்வளவு பழையதாகத் தோன்றினாலும் அது பின்னால் வந்ததுதான்.

அடுத்தது வண்டியே தரும் சான்று. மறு பெயின்ட் அடிப்பவர்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் இடங்களை மட்டுமே பூசுவார்கள். கதவின் உட்புற அட்டைக்குப் பின்னால், டேஷ்போர்டின் அடிப்பக்கத்தில், தரை விரிப்புக்கு அடியில், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் இடத்தில், கண்ணாடி ரப்பரின் மடிப்புக்குள், பெயர்ச் சின்னங்களுக்குப் பின்னால் என்று தேடுங்கள். கதவு, பானெட், டிக்கி மூடி ஆகியவை வேறொரு வண்டியிலிருந்து கழற்றி மாட்டப்பட்டவையாக இருக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. உங்களுக்குப் பச்சை தெரிந்ததும் கதவில்தான். எனவே கழற்ற முடியாத இடங்களில், அதாவது கதவுத் தூண், கூரை, எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகடு ஆகிய மூன்றிலாவது அதே பச்சை கிடைக்கிறதா என்று பாருங்கள். மூன்றிலும் கிடைத்தால் சந்தேகமே வேண்டாம்.

அடுக்குகளைப் பிரித்துப் பார்க்க எளிய முறை ஒன்று இருக்கிறது. கதவுத் தூணில் கட்டைவிரல் நகமளவு இடத்தைத் தேர்ந்து, 800 நம்பர் வாட்டர் பேப்பர் என்ற நுண்ணிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, விரலால் லேசாக வட்டமாகத் தேயுங்கள். நடுவில் தகடு ஒரு புள்ளியாகத் தெரிந்ததும் நிறுத்திவிட்டு, விளிம்புகளை 1500 நம்பர் பேப்பரால் சாய்வாக விரியச் செய்யுங்கள். அப்போது ஒவ்வோர் அடுக்கும் மரத்தின் ஆண்டு வளையம்போல் தனித்தனி வட்டமாக விரிந்து தெரியும்: நடுவில் தகடு, அதைச் சுற்றிப் பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதற்கு வெளியே முதல் நிறம், பிறகு பின்னால் வந்தவை. உங்களுக்குத் தெரிந்த சாம்பல் பெரும்பாலும் பிரைமராகத்தான் இருக்கும். ஆனாலும் ஊகத்தில் விடாமல், அந்த வட்டத்தின் மேல் சிறிது ரப்பிங் காம்பவுண்டைத் துணியில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். நிறப் பெயின்ட்டாக இருந்தால் பளபளப்பு ஏறும். பிரைமர் எவ்வளவு தேய்த்தாலும் மங்கலாகவே நிற்கும்.

வெள்ளை, தந்த நிறக் கார் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. எண்ணெய் சேர்ந்த பழைய எனாமல் பெயின்ட்கள் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகும் இயல்புடையவை. விரிப்புக்கு அடியில் பல்லாண்டுகள் மூடிக் கிடந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு, கார் முதலில் கிரீம் நிறத்தில் இருந்தது என்று முடிவு செய்தவர்கள் உண்டு. அத்தகைய இடத்தைத் திறந்து, சில நாள்கள் பகல் வெளிச்சம் படும்படி வைத்தால் அந்த மஞ்சள் ஓரளவு வெளுக்கும். அதன் பிறகே நிறத்தை மதிப்பிட வேண்டும். சிவப்புக்கும் சில நீலங்களுக்கும் இதற்கு நேர்மாறான தொல்லை: வெயில் பட்ட இடத்தில் அவை வெளிறிவிடும், மறைந்த இடத்தில் இருப்பதுதான் உண்மைக்கு நெருக்கமானது.

கேள்வி: எனது 1967ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் நிறக் குறியீட்டைக் கண்டுபிடித்து, அதைக் கொடுத்துப் பெயின்ட் கலந்து வாங்கினேன். கடை விளக்கில் பழைய பெயின்ட்டோடு அச்சு அசலாக ஒத்துப்போனது. வீட்டுக்கு வந்து வெயிலில் பார்த்தால் வேறு நிறமாகத் தெரிகிறது. குறியீடு தவறா, கலந்தவர் தவறா?

பதில்: இருவர் மீதும் தவறில்லாமலேயே இப்படி நேரக்கூடும். இரண்டு பெயின்ட்கள் வெவ்வேறு நிறமிகளால் ஆனவையாக இருந்தால், ஒரு விளக்கின் கீழ் ஒன்றுபோலத் தெரிபவை இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து நிற்கும். பழைய கார்களில் இது அடிக்கடி நிகழ்வதற்குக் காரணம், அந்தக் காலத்து நிறமிகள் பல இன்று பயன்பாட்டில் இல்லை. மஞ்சள், ஆரஞ்சு, சில பச்சை, சில சிவப்பு நிறங்களுக்கு ஈயக் குரோமேட் சேர்ந்த நிறமிகள் அடிப்படையாக இருந்தன; ஈயம் நஞ்சு என்பதால் அவை பெரும்பாலான நாடுகளில் கார் பெயின்ட்டிலிருந்து விலக்கப்பட்டுவிட்டன. ஆகவே உங்கள் குறியீட்டுக்கு இன்று கணினியில் வரும் கலவைக் குறிப்பு, பழைய நிறத்தை இன்றைய நிறமிகளைக் கொண்டு நெருங்கிப் பிடிக்கும் ஒரு முயற்சி. அதைத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கருவியால் நிறத்தை அளந்து கலக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் கருவி காட்டப்படும் இடத்தின் இன்றைய நிலையை அளக்கிறதே தவிர, 1967ஆம் ஆண்டின் நிறத்தை அதனால் ஊகிக்க முடியாது. வெளிறிய மட்கார்டைக் காட்டினால் வெளிறிய நிறத்தைத்தான் கலந்து தருவார்கள். வெயில் படாத இடமாகவும், கருவியின் முகம் முழுதாகப் படியும் தட்டையான இடமாகவும் தேர்ந்து, மேலே படிந்த அழுக்கையும் மங்கலையும் ரப்பிங் காம்பவுண்டால் நீக்கி, நன்றாகத் துடைத்த பின் அளக்கச் செய்யுங்கள். பீட்டிலில் அதற்கு மிக ஏற்றது முன் மூடியைத் திறந்தால் அட்டைக்குப் பின்னால் மறைந்திருக்கும் பகுதி.

அளந்து கலந்த பிறகும் டப்பாவைத் திறந்து குச்சியில் தொட்டு ஒப்பிடாதீர்கள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் இன்னொரு நிறம். வண்டிக்குப் பூசப்போகும் அதே பிரைமர் அடித்த சிறு தகட்டில், அதே ஸ்ப்ரே கன்னால், அடித்தளம் மறையும்வரை கோட் கொடுத்து, முழுதாகக் காய்ந்த பின் பாலிஷ் போட்டுப் பாருங்கள். சிவப்பும் மஞ்சளும் மூடும் திறன் குறைந்தவை. வெளிர் பிரைமரின் மேல் ஒரு விதமாகவும் அடர் பிரைமரின் மேல் இன்னொரு விதமாகவும் தெரியும். ஆகவே பிரைமரின் ஷேடும் மாதிரியின் ஒரு பகுதியே. அந்தத் தகட்டைக் காலை வெளிச்சத்தில், நண்பகல் வெயிலில், நிழலில், இரவு விளக்கில் என்று நான்கு இடங்களிலும் பழைய பெயின்ட்டை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். நான்கிலும் முழுதாக ஒத்துப்போகும் கலவை கிடைக்காமல் போகலாம். அப்போது பகல் நிழலில் ஒத்துப்போவதைத் தேர்ந்தெடுங்கள். கார் பெரும்பாலும் பார்க்கப்படுவது பகல் வெளிச்சத்தில்தான். நேர் வெயிலின் கூச்சமும் நிழலில் இல்லை. ஓகே சொன்ன தகட்டின் பின்புறத்தில் கலவையின் அளவுகளையும் பிரைமரின் ஷேடையும் எழுதி வையுங்கள். பிற்காலத்தில் ஒரு கதவை மட்டும் அடிக்க நேர்ந்தால் அந்தத் தகடு உங்களைக் காப்பாற்றும்.

கேள்வி: பழைய காருக்குப் பழைய டூகோ பெயின்ட்தான் பொருந்தும் என்கிறார் ஒருவர், இந்தக் காலத்தில் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் அடிக்காமல் விடுவது மடமை என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

பதில்: உங்கள் கார் எந்த ஆண்டினது என்று எழுதவில்லை, விடையின் பாதி அதில்தான் இருக்கிறது. 1920களின் தொடக்கம்வரை கார்களுக்கு எண்ணெய் வார்னிஷ் வகைகளே பூசப்பட்டன. ஒரு பாடியை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். டூபான்ட் நிறுவனம் உருவாக்கிய டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரை ஜெனரல் மோட்டார்ஸ் தனது ஓக்லண்ட் கார்களின் 1924 மாடலில் பயன்படுத்தியபோது அந்த வாரங்கள் மணிநேரங்களாகச் சுருங்கின. 1930களில் ஆல்கிட் எனாமல்களும், 1950களின் பிற்பகுதியில் அக்ரிலிக் லேக்கரும், அதன் பின், இறுக வைக்கும் ஹார்டனரைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் வகைகளும் வந்தன. எனவே பழைய கார் என்றாலே டூகோ என்பது சரியல்ல. எனாமலோடு பிறந்த கார்கள் ஏராளம். மறைவான ஓரிடத்தில் தின்னர் நனைத்த துணியால் சிறிது நேரம் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் கரைந்து துணியில் ஏறினால் அது லேக்கர் வகை. கரையாமல் சுருங்கி மென்மையானால் எனாமல். எதுவுமே ஆகாவிட்டால் ஹார்டனர் சேர்ந்த பெயின்ட். அது உங்கள் கார் பிறந்தபோது அடித்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு.

நைட்ரோசெல்லுலோஸின் அழகை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கையால் தேய்த்துப் பாலிஷ் ஏற்றிய அதன் மெருகு மென்மையானது. வளைவுகளின் மேல் ஒளி வழுக்கிச் செல்லாமல் படிந்து நிற்கும். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் பூசிக் கலந்துவிடலாம், ஏனெனில் புதுக் கோட் பழைய கோட்டைக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடுகிறது. ஆனால் பெட்ரோல் சிந்தினால் மென்மையாகும். மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருப்பதால் அடியிலுள்ள உப்புத்தாள் கோடுகள் பிறகு வெளித்தெரியும். கனமாக அடித்தால் ஒருநாள் வெடிக்கும். ஈரக் காற்றில் அடித்தால் வெண்மையாகப் பூத்துவிடும். பி.யூ. இந்தக் குறைகள் அனைத்திலிருந்தும் விடுபட்டது.

எனது கருத்து இது: கார் ஓட்டுவதற்காக இருக்குமானால் பி.யூ. அடியுங்கள். ஆனால் ஒற்றை நிறக் காருக்குக் கிளியர் கோட், அதாவது நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு, வேண்டாம். கிளியர் கோட் கார்களில் பரவலானது 1980களில்தான். 1950களின் வண்டியில் அதை ஏற்றினால், நிறம் எவ்வளவு சரியாக இருந்தாலும், கண்ணாடிக்கு அடியில் வைத்ததுபோன்ற ஆழம் வந்து வண்டியின் காலத்தையே குலைத்துவிடும். நிறத்திலேயே பளபளப்பு உள்ள ஒற்றைக் கட்ட பி.யூ.வை அடித்து, நன்கு இறுகிய பின் 2000 நம்பர் பேப்பரால் மட்டம் செய்து பாலிஷ் ஏற்றினால் பழைய மெருகுக்கு வெகு அருகில் வரலாம். அரிய கார், லேக்கரோடு பிறந்தது, ஆண்டுக்குச் சில முறையே வெளியே வரும் என்றால் நைட்ரோசெல்லுலோஸை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். எதுவானாலும், அடியில் இருப்பது எனாமல் என்றால் அதன்மேல் நேரடியாக லேக்கர் அடிக்கவே கூடாது. அதன் தின்னர் கீழுள்ள எனாமலைச் சுருட்டி எழுப்பிவிடும்.

கேள்வி: எனது கார் வெள்ளி நிற மெட்டாலிக். அதற்கும் கிளியர் கோட் கூடாதா?

பதில்: மெட்டாலிக்குக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. பழைய ஒற்றைக் கட்ட மெட்டாலிக்கை மட்டம் செய்து தேய்க்கும்போது அலுமினியத் துகள்களே வெட்டுப்பட்டுத் திட்டுத் திட்டாகத் தெரியும்; வெயிலிலும் விரைவில் மங்கும். கிளியர் கோட் அதைத் தடுக்கிறது. நீங்கள் கவனிக்க வேண்டியது துகளின் அளவை. இன்றைய மெட்டாலிக்கின் மினுமினுப்பு பழைய வண்டியில் ஒட்டாது என்பதால் பழைய பெயின்ட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்து ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள். ஈரமாக அடித்தால் மெட்டாலிக் அடர்ந்தும், உலர்வாக அடித்தால் வெளிறியும் தெரியும். ஆதலால் கதவு, பானெட், மட்கார்டு எல்லாவற்றையும் ஒரே ஆள் ஒரே அமர்வில் அடிப்பது நல்லது.

கேள்வி: எங்கள் காரில் கம்பெனி பெயின்ட் இன்னும் இருக்கிறது. கூரையில் மங்கல், பானெட்டில் கற்கள் பட்ட பொட்டுகள், ஒரு மட்கார்டில் மட்டும் துரு. முழுதாக அதே நிறத்தில் அடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எவ்வளவு திறமையாகப் பூசினாலும் மறு பெயின்ட் என்பது மூலத்தின் நகல்தான். உங்களிடம் மூலமே இருக்கிறது. பழங்கால வாகனங்களுக்கான பன்னாட்டு அமைப்பான ஃபீவா ஏற்றுக்கொண்ட தூரின் சாசனமும் இதையே வலியுறுத்துகிறது: காலத்தின் தடங்களோடு உள்ளதைப் பேணுவது முதல் தேர்வு, புதுப்பிப்பது அதற்கு அடுத்தது.

முதலில் பெயின்ட்டின் கனத்தை அளக்கும் கருவியால் வண்டி முழுவதையும் அளந்து பாருங்கள். கம்பெனி பெயின்ட் பிரைமரோடு சேர்த்து ஏறத்தாழ 100 மைக்ரான் அளவில் இருக்கும். ஓரிடத்தில் 300, 400 என்று காட்டினால் அங்கே பட்டி பார்த்து மறு பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். அலுமினியப் பகுதிகளில் காந்தமுறைக் கருவி வேலை செய்யாது. அதற்கேற்ற கருவி வேண்டும். மங்கலான கூரையை மிக மென்மையான பாலிஷால் கையாலேயே தேய்த்துப் பாருங்கள். மங்கல் பெரும்பாலும் மேல்தோலில் மட்டுமே இருக்கும். விளிம்புகளையும் மடிப்புகளையும் தொடாதீர்கள், பெயின்ட் மெலிந்திருப்பது அங்கேதான். கற்கள் பட்ட பொட்டுகளைச் சிறு தூரிகையால் நிரப்பலாம். துருப்பிடித்த மட்கார்டை மட்டும் கழற்றிச் சீர் செய்து, அதன் நிறத்தைப் புத்தம் புதிய கலவைக்கு அல்லாமல், பக்கத்திலுள்ள கதவின் இன்றைய நிறத்துக்குப் பொருந்தும்படி கலந்து அடியுங்கள். கருவியால் இன்றைய நிலையை அளப்பது குறையாக அல்லாமல் வரமாக அமையும் இடம் இது.

கேள்வி: முழு பெயின்ட் வேலை தவிர்க்க முடியாதது என்று முடிவாகிவிட்டது. பழைய பெயின்ட்டை எடுப்பதற்கு மணல் அடிப்பதா, கெமிக்கலா? டிங்கரிங் வேலையில் நான் கூடவே நின்று கவனிக்க வேண்டியவை என்ன?

பதில்: வெளித்தகடுகளுக்கு மணல் வேண்டவே வேண்டாம். பானெட், கூரை, கதவுப் பரப்பு போன்ற அகன்ற மெல்லிய தகடுகள் மணல் மோதும் விசையில் நெளிந்துவிடும். அந்த நெளிவை எடுப்பது பெயின்ட் வேலையை விடப் பெரிய வேலை. சேஸிஸ், சஸ்பென்ஷன் உறுப்புகளுக்கு மட்டும் மணல் பொருந்தும். காஸ்டிக் தொட்டியில் பாடியை முழுதாக முக்கும் முறையில் இரட்டைத் தகடுகளின் இடுக்குகளில் ரசாயனம் தங்கிவிடும். நன்றாகக் கழுவாவிட்டால் புது பெயின்ட் அடித்துப் பல மாதங்களுக்குப் பின் மடிப்புகளிலிருந்து கசிந்து பெயின்ட்டைத் தூக்கும். அலுமினியத் தகட்டைக் காஸ்டிக் அரித்தே தீர்த்துவிடும். பொறுமை உள்ளவர்களுக்குக் கையால் சுரண்டுவதும், பெயின்ட் ரிமூவரைப் பகுதி பகுதியாகப் பயன்படுத்துவதும் மிகப் பாதுகாப்பானவை.

பெயின்ட் எடுத்த வெறும் தகட்டை ஓரிரவு கூட அப்படியே விடக் கூடாது. ஈரக் காற்றில் சில மணிநேரத்திலேயே மெல்லிய துரு படரத் தொடங்கும். அன்று எடுத்த பகுதிக்கு அன்றே எபாக்சி பிரைமர் அடித்துவிட வேண்டும். அதன் பிறகு அதன்மேல் பட்டி பார்க்கலாம். அமிலம் கலந்த எட்ச் பிரைமரின் மேல் மட்டும் பட்டி வைக்காதீர்கள், பிடிமானம் போய்விடும். துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்ய வேண்டும். துளையைப் பட்டியால் அடைப்பவர் உங்கள் பணத்தையும் நேரத்தையும் ஒருசேர வீணாக்குகிறார், ஏனெனில் பட்டி ஈரத்தை உறிஞ்சும், துரு உள்ளிருந்தே தொடரும். பட்டிக்குப் பின் கனப் பிரைமர் அடித்து, அதன்மேல் கறுப்புப் பெயின்ட்டை மிக மெல்லிய தூவலாகத் தெளித்து, நீளமான கட்டையில் பேப்பரைச் சுற்றித் தேய்க்கச் சொல்லுங்கள். மேடுகளில் கறுப்பு முதலில் போய்விடும். பள்ளங்களில் தங்கி நிற்கும். கறுப்பு ஒரு புள்ளிகூட மிஞ்சாமல் போகும்வரை இந்தக் கட்டம் முடியவில்லை என்று பொருள். நிறம் அடித்த பிறகு தெரியும் அலைகளெல்லாம் இங்கே அவசரப்பட்டதன் விளைவே. நீங்கள் கூடவே நிற்க வேண்டிய நாள்கள் இவைதாம். நிறம் அடிக்கும் நாளில் வராவிட்டாலும் பாதகமில்லை.

பழைய சிவப்பின் மேல் வெளிர் நிறம் வரப்போகிறது என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். அக்காலத்துச் சிவப்பு நிறமிகள் சில, புதுப் பெயின்ட்டின் தின்னரில் கரைந்து மேலே ஏறி, வெள்ளையை ரோஜா நிறமாக்கிவிடும். சிவப்பை முழுதாக எடுத்துவிடுவதே அதற்கு உறுதியான வழி. மூல நிறத்தின் மாதிரியைக் காக்க, டேஷ்போர்டுக்கு அடியில் கையகலப் பகுதியை மட்டும் எதுவும் செய்யாமல் அப்படியே விட்டு வையுங்கள்.

கேள்வி: வீட்டுக் கொட்டகையிலேயே கம்ப்ரசர் வைத்து பி.யூ. அடிக்கலாமா? நல்ல முகக்கவசம் இருக்கிறது.

பதில்: பிரைமருக்கு முந்திய வேலைகளை நீங்களே செய்யுங்கள், பி.யூ.வை மட்டும் காற்று வெளியேற்றும் அறை உள்ள பட்டறையில் கொடுத்து அடியுங்கள். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைத் தாக்கித் தீராத ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் அதன்பின் மிகச் சிறிய அளவே மூச்சுத் திணறலைத் தூண்டும். தீங்கு செய்யும் அளவில்கூட வாசனை தெரியாது என்பதால், கரி வடிகட்டி உள்ள முகக்கவசம் செயலிழந்ததை மூக்கு உங்களுக்கு அறிவிக்காது. வெளியிலிருந்து குழாய் வழியே தூய காற்று வரும் கவசமே இதற்கு உரியது. தோலும் கண்ணும் மூடியிருக்க வேண்டும். பழைய பெயின்ட்டைத் தேய்க்கும்போதும் அதில் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு, உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். அந்த உடைகளைத் தனியே துவையுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

கேள்வி: பெயின்ட் முடிந்து வண்டி வந்துவிட்டது. எப்போது வாக்ஸ் போடலாம்? மிஞ்சிய பெயின்ட்டை என்ன செய்வது?

பதில்: பி.யூ. மறுநாளே கைக்கு இறுகியதுபோல் இருந்தாலும், அறை வெப்பத்தில் உள்ளிருந்து முழுதாக இறுகச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை கரைப்பான் வெளியேற வழி இருக்க வேண்டும். பெயின்ட் தயாரிப்பாளர் தரும் குறிப்பேட்டில் எத்தனை நாள்கள் என்று இருக்கும். அதுவரை வாக்ஸ் வேண்டாம், வெறும் தண்ணீரால் கழுவினால் போதும், மேலே துணி உறை போட்டு மூடவும் வேண்டாம். பழைய பீடிங்குகளையும் கண்ணாடி ரப்பர்களையும் மீண்டும் மாட்டாதீர்கள். இறுகிப்போன ரப்பரின் விளிம்பு புதுப் பெயின்ட்டை அறுக்கும். பெயர்ச் சின்னங்களின் துளைகளில் உள்ளே வெறும் தகடு தெரிந்தால், மாட்டுவதற்கு முன் தூரிகையால் தொட்டு மூடிவிடுங்கள், துரு பெரும்பாலும் அங்கிருந்துதான் மீண்டும் தொடங்குகிறது.

மிஞ்சிய பெயின்ட்டை ஹார்டனர் கலக்காமல், கழுத்துவரை நிரம்பும் சிறு டப்பாவில் ஊற்றி இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வைத்தால் நீண்ட காலம் இருக்கும். எடுக்கும்போது அடிவரை நன்கு கலக்கிக்கொள்ளுங்கள். ஹார்டனர் அப்படியல்ல. ஒருமுறை திறந்ததும் காற்றின் ஈரத்தை ஏற்றுக் கெடத் தொடங்கிவிடும், ஆகவே மீதத்தைச் சேமிக்காமல், அடுத்த முறை தேவைப்படும்போது சிறிய டப்பாவாகப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.